இன்டர்கலேஷன்: ‘இடைச்செருகல்’ வேண்டாம், ‘இடைப்புகல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கலப் பொருள்களுக்கான சொற்பட்டியலில், அடுக்கடுக்கான பொருளின் தாள்களுக்கு நடுவே அயனிகள் போய் அமர்வதைக் குறிக்கும் இன்டர்கலேஷனுக்கு ‘இடைச்செருகல்’ என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழம்பாடலுக்குள் பிற்காலத்தவர் நுழைத்த அடிகளைப் பதிப்பாசிரியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். கண்டறிந்தால் களைய வேண்டியது அது. கிராஃபைட்டுக்குள் செல்லும் லித்தியமோ, நாம் விரும்பி வரவேற்பது.

நடப்பதைப் பாருங்கள். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையின் கோபால்ட் ஆக்சைடு அடுக்குகளை விட்டு, எதிர்மின்முனையான கிராஃபைட்டின் கார்பன் தாள்களுக்கு நடுவே போகின்றன. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்ற அளவில் நிறையும்போது தாள்களின் இடைவெளி 0.335 நானோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.37 ஆகிறது. அயனிகள் வெளியேறியதும் தாள்கள் மீண்டும் நெருங்குகின்றன. இந்தப் போக்குவரத்தை நூற்றுக்கணக்கான முறை தாங்கும் அடுக்குகளைத் தேடியதன் பயன்தான் 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம். விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகவே.

செருகுதல் பிறவினை, செருகுபவர் ஒருவர் வேண்டும். மின்னேற்றத்தில் வெளி மின்னழுத்தம் தள்ளுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்னிறக்கத்தில் அதே அயனிகள் யாரும் தள்ளாமலே ஆக்சைடு அடுக்குகளுக்குள் நுழைகின்றன. அதுவும் இன்டர்கலேஷன்தான். இரண்டுக்கும் பொருந்துவது ‘புகு’ என்னும் தன்வினை. ஆகவே ‘இடைப்புகல்’. புகல் என்றால் அடைக்கலம் என்றும் பொருள் உண்டு. இங்கே அந்த நிழல் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘உறிஞ்சல்’ என்று ஒருவர் முன்மொழிந்தார். அதற்கு வேதியியலில் ஏற்கெனவே வேறு வேலை (அப்சார்ப்ஷன்) இருக்கிறது, அடுக்கு என்ற குறிப்பும் அதில் இல்லை. மீமின்தேக்கியில் (சூப்பர் கெபாசிட்டர்) அயனிகள் கார்பனின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதைப் பரப்புக்கவர்ச்சி என்கிறோம். ‘இடை’ இருந்தால்தான் இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியும்.

கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. இடைப்புகு சேர்மம், எதிர் நிகழ்வுக்கு இடைநீங்கல். புரொப்பிலீன் கார்பனேட் போன்ற கரைப்பான் மூலக்கூறுகள் லித்தியத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்க் கிராஃபைட்டைச் சிதைப்பதை ‘உடன்புகல்’ எனலாம். அதனால் தாள்கள் பிரிந்து உதிர்வதற்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘தாளுரிவு’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.