இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சீசன்: பழைய எஸ்டீமும் நாங்கள் நாலு பேரும்

கார் ரேஸில் சின்ன டீமில் இருந்தவர்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் காரை ஓட்டியவன் இல்லை. பிரேக்கும் டயரும் என் பொறுப்பு. ஓட்டியது என் மச்சான், அத்தை பையன். என்ஜின் பார்த்தது அம்பத்தூரில் இருபது வருஷமாக மாருதி வண்டிகளையே பிரித்துச் சேர்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். ஸ்டாப்வாட்ச், பிட் போர்டு (ஓட்டுபவருக்குத் தகவல் காட்டும் பலகை), நோட்டுப் புத்தகம் மூன்றும் என் தங்கை கையில். டீம் அவ்வளவுதான்.

கார் ஒரு மாருதி எஸ்டீம். 1,298 சி.சி. என்ஜின், எடை குறைவு, பிரித்து மாட்டுவது சுலபம். கிளப் ரேஸில் அது இவ்வளவு காலம் ஓடியதற்கு இதெல்லாம்தான் காரணம். உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிவிட்டதால் ஹப், டிரைவ் ஷாஃப்ட் என்று எது போனாலும் பழைய வண்டிப் பாகம் விற்கும் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பாய் கடையில், எண்ணெய் படிந்த கியர்பாக்ஸ் குவியலில் இருந்து, எங்களுக்கு வேண்டியதைக் கையால் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். பின் சீட்டு, கார்ப்பெட், கதவுப் பலகை எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) வெல்டிங் செய்து முடிக்கவே இரண்டு மாதம் போனது. செலவில் பாதி அதற்கும், மச்சானின் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, பெல்ட்டுக்கும் ஆனது. அதில் ஒரு ரூபாயைக்கூட மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் திறந்தது. அதைக் கட்டிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைவிடப் பழையது, 1953-ல் தொடங்கியது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். விடியற்காலை நாலு மணிக்கு அம்பத்தூரில் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, பூந்தமல்லியில் டீ குடித்து, பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் வெளிச்சம் வரும்போது கேட்டில் நிற்போம்.

சீசனின் முதல் ரவுண்டை, அதாவது முதல் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காரை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம், அந்த சந்தோஷமே போதுமாக இருந்தது.

இரண்டாவது ரவுண்டில்தான் அது நடந்தது. எட்டு லேப் (சுற்று) ரேஸ், ஆறாவது லேப். நேர்ப்பாதை முடிவில் மச்சான் பிரேக்கை மிதிக்கிறார், பெடல் சொத்தென்று தரை வரை போகிறது. கார் நிற்கவில்லை. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்து, கியரை இறக்கி, வளைவைத் திருப்பப் பார்க்காமல் நேராக வெளியே விட்டுவிட்டார். புழுதி அடங்கும் வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. கதவு திறந்து அவர் இறங்கியதும் தங்கை அழுதுவிட்டாள். நானும்தான்.

பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் காரைப் பார்க்கும் இடத்துக்கு, இழுத்து வந்து பார்த்தபோது காலிப்பரில் (பிரேக் பேடை டிஸ்க்கில் அமுக்கும் பாகம்) லீக் இல்லை, பைப் எல்லாம் சரி. மெக்கானிக் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, எந்த டின்னில இருந்து ஆயில் ஊத்தின?”

முதல் ரவுண்டுக்கு வாங்கி, பாதி மீதி வைத்திருந்த டின் அது. மூடி சரியாக இறுகாமல் ஷெட்டிலேயே இருந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்ம சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்பு டப்பாவை ஒரு நாள் திறந்து வைத்தாலே கசிந்துவிடும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 டிகிரி. ரேஸில் முன் டிஸ்க் சூடாகும் வேகத்தில் அந்தச் சூடு காலிப்பருக்கு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் வரும். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், பேடுக்கு எதுவும் போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் அந்த டின்னை எடுத்தேன் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மச்சான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ரவுண்டு முதல் சீல் உடைக்காத டின்தான். மீதி ஆயிலை ஷெட்டில் வைப்பதே இல்லை. ரேஸுக்கு முந்தைய வியாழக்கிழமை ராத்திரி நாலு சக்கரத்திலும் ப்ளீடிங் செய்வோம், அதாவது பழைய ஆயிலையும் குமிழையும் வெளியேற்றுவோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். நான் கீழே படுத்து, ப்ளீட் நிப்பிளில் (ஆயில் வெளியேறும் சின்னத் திருகு) உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப்பை மாட்டி, மறுமுனையைக் காலி தண்ணீர் பாட்டிலில் விட்டிருப்பேன். “அமுக்கு... பிடி... விடு.” முதலில் கடுங்காப்பி நிறத்தில் வரும், நடுவே ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்னக் குமிழ். போகப் போக வெளுத்து, நல்லெண்ணெய் நிறத்தில் குமிழே இல்லாமல் இழையாக இறங்கும். அதைப் பார்த்த பிறகுதான் நிப்பிளை இறுக்குவேன்.

டயர் காற்றிலும் இதே கதைதான். சூடு ஐந்தரை டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறும். காலை ஏழு மணிக்கு வைத்த காற்று மதியம் இரண்டு மணி ரேஸுக்கு உதவாது. தங்கை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நாலு டயரையும் அளந்து, நேரம், வெயிலா மேகமா என்பதோடு எழுதுவாள். முன் சக்கர டிரைவ் என்பதால் இழுப்பது, திருப்புவது, பிரேக் சுமை எல்லாம் முன் டயருக்குத்தான், அதனால் அதுதான் அதிகம் சூடாகும். மூன்றாவது ரவுண்டில் அந்த நோட்டைப் பார்த்து முன்னால் இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்தோம். ரேஸ் முடிந்து இறங்கிய மச்சான் சொன்னது: “கடைசி லேப்லயும் வண்டி சொன்ன பேச்சு கேக்குதுடா.” அந்த ரேஸில் நாலாவதாக வந்தோம். கப் கிடையாது. ஆனால் அந்த ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை, அவ்வளவு பேசினோம்.

•

நான் அதே டிராக்கில் மார்ஷலாக, அதாவது ஓரத்தில் கொடி காட்டுபவனாக, நின்றவன். பிரேக் போன காரைப் பற்றிப் படித்ததும் சொல்லத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால், ஒரு கார் வெளியே போன அடுத்த நொடி மஞ்சள் கொடி ஆட்ட வேண்டும், அந்த இடத்தில் யாரும் முந்தக் கூடாது. ரோட்டில் ஆயில் சிந்தியிருந்தால் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி. வெயிலில் காலை முதல் நிற்கும்போது கை மரத்துப் போகும், ஆனாலும் கொடியைக் கீழே வைக்க மனசு வராது. உங்கள் மச்சான் வளைவைத் திருப்பாமல் நேராக விட்டது மிகச் சரி. பயத்தில் திருப்பி, கார் குறுக்கே நின்று, பின்னால் வந்தவர் மோதியதை நான் பார்த்திருக்கிறேன்.

•

தம்பிகளா, எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. உங்கள் டிராக் வருவதற்கு முன்னால் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. அப்பா என்னையும் அண்ணனையும் கூட்டிப் போவார். கட்டுச்சோறு, கூஜாவில் தண்ணீர், தலையில் துண்டு. வீட்டு வாசலில் நிற்கிற அதே ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே அப்படிப் பாய்வதைப் பார்த்த வயதில் எனக்குக் கார் என்றாலே வேறு பொருளாகிவிட்டது. அன்றும் ஷெட்டில் கை கறுத்தவர்கள்தான் காரை ஓட வைத்தார்கள். உங்கள் தங்கையின் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் காலத்து நோட்டு ஒன்றுகூட இன்று என் கையில் இல்லை.

•

ஐயா, பிரேக்கும் டயரும் பார்த்தவன் எழுதுகிறேன். நோட்டு இரண்டாவது போட்டாகிவிட்டது, பழையது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சேர்ந்து வேலை செய்யலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: அனுபவம் வேண்டாம். அடுத்த ரவுண்டுக்கு முன் வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஷெட் திறந்திருக்கும். பெடல் மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.