சொல் தேவை: பல காதல்களை ஒன்றாகக் கோத்த படம்

திருச்சியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை மாணவர்களுக்கான திரைப்பட ரசனைப் பாடநூலில் ஒரு பாடம் என் பொறுப்பில் இருக்கிறது. 2003-ல் வந்த ‘லவ் ஆக்சுவலி’யை எடுத்துக்கொண்டு, ஒரே படத்தைப் பற்றி இரண்டு தரப்பாரும் எப்படி இவ்வளவு அடித்துப் பேச முடிகிறது என்று காட்டும் பாடம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நான் முதல் வரியிலேயே நிற்கிறேன். ‘சென்டிமென்டல் என்செம்பிள் ரொமான்டிக் காமெடி.’ கடைசி இரண்டுக்கும் ‘காதல் நகைச்சுவை’ புழக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டுக்குத்தான் உங்கள் உதவி வேண்டும்: உணர்ச்சியைத் தூண்டுவது ‘சென்டிமென்டல்’, தனி நாயகர் இல்லாமல் பலர் சேர்ந்து படத்தைச் சுமப்பது ‘என்செம்பிள்’.

படம் பார்க்காதவர்களுக்காக: கிறிஸ்துமசுக்கு முந்தைய ஐந்து வாரங்களில், பெரும்பாலும் லண்டனில் நடக்கும் கதைகள். ஒன்பதா பத்தா என்பது எண்ணுகிறவரைப் பொறுத்தது. புதிதாகப் பதவிக்கு வந்த பிரதமருக்குத் தன்னிடம் வேலை பார்க்கும் பெண்மேல் காதல். பிரதமரின் சகோதரிக்குக் கணவன்மேல் சந்தேகம். தனக்குத் தெரியாத போர்ச்சுக்கீசிய மொழி பேசும் பணிப்பெண்ணிடம் மனத்தைக் கொடுக்கும் எழுத்தாளர். மனைவியை இழந்தவரும் அவர் வளர்க்கும் சிறுவனும். வயதான பாடகரும் அவருடைய மேலாளரும். ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி, முதன்முதலாக இயக்கிய படம்.

என் வரைவில் இப்போதைக்கு ‘மிகையுணர்ச்சிப் பன்மாந்தர் காதல் நகைச்சுவை’ என்று இருக்கிறது. எனக்கே பிடிக்கவில்லை.

சென்னையிலிருந்து

அக்கா, முதலில் ‘மிகையுணர்ச்சி’யை எடுத்துவிடுங்கள். ‘மிகை’ என்று எழுதின உடனே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அப்புறம் இரண்டு தரப்பு எங்கே இருக்கிறது? படம் பிடிக்காதவர் சொல்லும் குற்றச்சாட்டையே படத்தின் வகைப்பெயராக வைத்துவிட்டு, மாணவரைப் பார்த்து ‘நீயே முடிவு செய்’ என்று சொல்வது நியாயமில்லை.

பிரதமரின் சகோதரி கேரனாக எம்மா தாம்சன் வரும் அந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனின் கோட்டுப் பையில் ஒரு கழுத்துச் சங்கிலியைப் பார்த்துவிடுகிறாள். தனக்குத்தான் என்று நம்பிக் காத்திருக்கிறாள். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தால் பாடகி ஜோனி மிட்செலின் குறுந்தகடு. சங்கிலி வேறொருத்திக்குப் போயிருக்கிறது. படுக்கையறைக்குள் போகிறாள். பாட்டு ஓடுகிறது. நின்றபடியே அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், கட்டில் விரிப்பை நீவிச் சரிசெய்கிறாள், அப்புறம் சிரித்த முகத்தோடு பிள்ளைகளிடம் திரும்பி வருகிறாள். அந்த அறைக்குள் அவளுக்கு ஒரு வசனம் கிடையாது. இதில் எது மிகை?

இன்னொன்று. ‘சென்டிமென்ட்’ நம் ஊரில் திட்டு இல்லை. ‘தங்கச்சி சென்டிமென்ட் நல்லா ஒர்க்கவுட் ஆகியிருக்கு’ என்று தயாரிப்பாளர் சொன்னால் அது பாராட்டு. அதே வாய்தான் ‘பூஜையை வெள்ளிக்கிழமை வைக்கணும், அது எனக்கு சென்டிமென்ட்’ என்றும் சொல்லும். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பொருளுமே இல்லை. அதனால் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தாலும் தப்பாகத்தான் புரியும். என் ஓட்டு ‘உருக்கம்’. செய்தித்தாளில் ‘உருக்கமான கடிதம்’, ‘உருக்கமான பேட்டி’ என்று நாள் தவறாமல் வருகிறது. படிக்காதவருக்கும் புரியும்.

லண்டனிலிருந்து

தம்பி, ‘மிகை’ தீர்ப்பு என்றால் ‘உருக்கம்’ மட்டும் தீர்ப்பு இல்லையா? பார்க்கிற எல்லோரும் உருகுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நான் உருகவில்லை. எரிச்சல்தான் வந்தது.

காரணத்தைச் சொல்கிறேன், பாடத்துக்கும் உதவும். 2013-ல் ‘தி அட்லான்டிக்’ இதழில் கிறிஸ்டோபர் ஓர் இதே படத்தைக் காதலே இல்லாத காதல் படம் என்று வாதிட்டார். பார்த்தவுடன் ஈர்ப்பு வருகிறது, கடைசியில் ஓடிப்போய் ஒரு அறிவிப்பு வருகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் வேலையே நடப்பதில்லை. எண்ணிப் பாருங்கள்: பிரதமர், எழுத்தாளர், அலுவலக மேலாளர் என்று மூன்று ஆண்களின் ஆசையும் தங்களிடம் சம்பளம் வாங்கும் பெண்கள்மேல். பிரதமர் விரும்பும் பெண்ணின் உடல் பருமனை வைத்து வரிசையாகக் கேலி. நண்பனின் புது மனைவி வீட்டு வாசலில் அட்டைகளை ஏந்தி நின்று காதலைச் சொல்கிறான் ஒருவன். கணவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இதை உலகம் முழுக்க அழகு என்று கொண்டாடினார்கள். கர்ட்டிஸே 2022-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், படத்தில் பலதரப்பட்ட மக்கள் இல்லாதது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொன்னார். நான் ஏறுகிற பேருந்தில் இருக்கும் லண்டன் அந்தப் படத்தில் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்திலும் ‘சென்டிமென்டல்’ தொடக்கத்தில் இகழ்ச்சி இல்லை. 1768-ல் லாரன்ஸ் ஸ்டெர்ன் தன் பயண நூலின் தலைப்பிலேயே அதை வைத்தபோது அது நுண்ணிய மனம் என்னும் பெருமை. இகழ்ச்சி பின்னால் ஏறியது. ஆகவே புகழும் இகழும் ஏறாத ஒரு வெற்றுச் சொல்தான் வகைப்பெயருக்குப் பொருந்தும். ‘உணர்ச்சிசார்’ என்று போடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

‘உணர்ச்சிசார் காதல்’ என்றால் உணர்ச்சி சாராத காதல் எது என்று பிள்ளைகள் கேட்பார்கள், அண்ணா.

எனக்கு ‘நெகிழ்ச்சி’ பிடிக்கும். சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்தால் தோள் நெகிழும், வளை நெகிழும். உடம்பில் தெரியும் மாற்றத்தைச் சொன்ன சொல் மனத்துக்கு வந்திருக்கிறது. படத்தில் இதற்கு என் சான்று சாரா. லோரா லின்னி நடித்தவர். அலுவலகத்தில் நெடுநாளாய் மனத்துக்குள்ளேயே வைத்திருந்த ஆள் கடைசியில் வீடு வரைக்கும் வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கிறது. மனநலம் குன்றிய தம்பி. எடுத்துக் கதைக்கிறாள். திரும்பவும் அடிக்கிறது. திரும்பவும் எடுக்கிறாள். அவன் போய்விடுகிறான். அவளுடைய காதல் அதோடு முடிந்துவிடுகிறது, கடைசியிலும் ஒருவரும் ஓடி வரவில்லை. எல்லாக் காதலையும் சேர்த்துவைத்து ஏமாற்றுகிற படம் என்று சொல்கிறவர்கள் சாராவை எங்கே வைக்கிறார்கள்?

மதுரையிலிருந்து

அன்பர்களே, வாதம் நன்றாகப் போகிறது. ஆனால் நம்மிடம் சாமான் இருக்கும்போது கடன் கேட்டு அலைவானேன்? தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளை வகுக்கும் மெய்ப்பாட்டியலைத் திறந்து பாருங்கள். ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகைக்கு நான்கு நிலைக்களன். ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று அழுகைக்கு நான்கு. லண்டன் தம்பி வெறுக்கும் பருமன் கேலி எள்ளல். பள்ளிச் சிறுவன் தாளம் கொட்டக் கற்றுக்கொண்டு காதலியைக் கவர நினைப்பது இளமை. அமெரிக்கா போனாலே பெண்கள் வந்து விழுவார்கள் என்று விமானம் ஏறுகிறானே ஒரு பையன், அது பேதைமை. மனைவியை இழந்தவருக்கு இழவு. கேரனுக்கு இளிவு, அதாவது பிறர் தன்னை எளியளாக நடத்துவதால் வருகிற அழுகை. ஆக இது நகையும் அழுகையும் விரவி வரும் படம். ‘நகையழுகைப் படம்’ என்று சொல்லிவிட்டால் புகழும் இல்லை, இகழும் இல்லை.

‘என்செம்பிள்’ விஷயத்துக்கு வருகிறேன். ‘பன்மாந்தர்’ போதாது. எந்தப் படத்திலும் பல மாந்தர்தான். சிலர் ‘கோவை’ என்று சொல்லக்கூடும். பொருந்தாது. திருக்கோவையாரில் நானூறு துறை, ஆனால் தலைவனும் தலைவியும் ஒரே இணை. இந்தப் படம் அதற்குத் தலைகீழ்: இணைகள் பல, பண்டிகைக் காலம் ஒன்று. எனவே ‘தொகை’. குறுந்தொகையில் பாட்டுக்குப் பாட்டு வேறு தலைவன், வேறு தலைவி. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது அகத்திணை விதி என்பதால் யாருக்கும் பெயரும் இல்லை. வாசலில் அட்டை பிடித்தவன் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல். கணவன் பரிசுக்குக் காத்திருந்து கலங்கினவள் ஊடலுக்கும் அப்பால் போய்விட்டாள். ஒரு தொகை நூலைப் புரட்டுகிற மாதிரியே இருக்கிறது. ‘தொகைக் காதல்’ என்று வையுங்கள். ஈராயிரம் ஆண்டுச் சொல்.

சென்னையிலிருந்து

ஐயா, உங்கள் பகுப்பைப் படித்துவிட்டு மறுபடியும் படம் பார்க்கத் தோன்றியது. ஆனால் ‘தொகை’ இன்றைக்கு ரசீதில் இருக்கிற சொல். ‘தொகைக் காதல்’ என்று சுவரொட்டியில் போட்டால் வரதட்சணைப் படம் என்று நினைப்பார்கள். ‘நகையழுகை’யும் அப்படித்தான், நகைக்கடை நினைவுதான் முதலில் வரும். இந்தப் படத்தில் ஒரு பெண்ணை அழவைப்பதே ஒரு நகை என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

எங்கள் துறையில் ‘மல்டி ஸ்டாரர்’ என்று ஒன்று ஓடுகிறது. அதுவும் இதுவும் ஒன்றல்ல என்பதைப் பாடத்தில் சொல்லிவிடுங்கள், அக்கா. அங்கே நட்சத்திரங்கள் பலர், கதை ஒன்று. இங்கே கதைக்கே மையம் கிடையாது. ராபர்ட் ஆல்ட்மனின் ‘நாஷ்வில்’ 1975-ல் இருபத்துநான்கு மாந்தரை வைத்துக்கொண்டு ஒருவரையும் நாயகராக்காமல் ஓடியது. இதைப் பிடிக்கிற சொல் ‘பல்கதை’. வாயில் நுழைகிறது.

திருச்சியிலிருந்து

எல்லாவற்றையும் அச்செடுத்து இன்று வகுப்பில் கொடுத்தேன். ‘தொகை’யைக் கேட்டதும் ஒரு மாணவர் கட்டணத் தொகையா என்றார். ‘பல்கதை’ புரிந்தது, ஆனால் சிறுகதைத் தொகுப்பா என்று கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, ‘மேடம், இது கதம்பம்தானே?’ என்றார். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் தனித்தனியாகவும் தெரியும், ஒரே சரமாகவும் இருக்கும் என்று அவரே விளக்கமும் சொன்னார். வகுப்பில் அதற்கப்புறம் வேறு சொல்லே எடுபடவில்லை. ‘கதம்பக் காதல்.’ என்ன சொல்கிறீர்கள்?

மதுரையிலிருந்து

கதம்பம் வடசொல் என்று நான் எதிர்ப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். எதிர்க்கவில்லை, ஏனென்றால் என் கணிப்பில் அது நம் கடம்பு. திருமுருகாற்றுப்படையில் முருகன் மார்பில் புரள்வது ‘உருள்பூந் தண்தார்’. அது கடம்ப மாலை என்பது உரையாசிரியர் வழக்கு. எங்கள் மதுரையே கடம்பவனம். கடம்பம் பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பந்து மாதிரி ஒற்றைப் பூவாகத் தெரியும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எண்ண முடியாத சின்னப் பூக்கள் ஒரு குமிழைச் சுற்றிச் செறிந்து நிற்கும். பல ஒன்றான பூ. வடமொழியில் அந்தச் சொல்லுக்குத் திரள் என்ற பொருளும் ஏறியிருப்பது இதனால்தான் என்பது என் துணிபு. ஆகவே ‘கடம்பக் காதல்’ என்று திருத்தி வழங்கினால் எனக்கு முழுச் சம்மதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, ‘கடம்பக் காதல்’ என்றால் காட்டுக்குள் நடக்கிற காதல் என்று நினைப்பினம். பிள்ளை சொன்ன மாதிரியே ‘கதம்பம்’ இருக்கட்டும். எனக்கு ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. கதம்ப நிகழ்ச்சி என்றால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பாட்டு, பேச்சு, நாடகத் துண்டு எல்லாம் சேர்ந்தது. இந்தப் படத்தில் அப்படி இல்லை. கேரன் பிரதமருக்குச் சகோதரி, மனைவியை இழந்தவருக்குத் தோழி, சாராவின் மேலாளருக்கு மனைவி. உறவுக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கிறது.

லண்டனிலிருந்து

அந்த ஐயம்தான் எனக்கு இந்தச் சொல்லைப் பிடிக்கவைக்கிறது. பூ இருக்கிறது, நார் இருக்கிறதா என்பதுதானே சண்டையே! கேரன் யாருக்குச் சகோதரி என்பது வெறும் முடிச்சு. ஹீத்ரோ விமான நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறதே, அன்பு எங்கும் இருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறதே, அதுதான் நார் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அந்த நார் அறுந்தது என்று நான் சொல்வேன். இரண்டு பேருக்குமே ‘கதம்பம்’ இடம் கொடுக்கிறது. ‘உருக்கம்’ கொடுக்கவில்லை.

பாடத்தில் சேர்க்க ஒன்று. பிரதமர் அமெரிக்க அதிபரைப் பத்திரிகையாளர் முன்னால் எதிர்த்துப் பேசும் காட்சி இங்கே அரசியல் பேச்சிலேயே புகுந்துவிட்டது. 2005 தொழிற்கட்சி மாநாட்டில் அப்போதைய பிரதமர் டோனி பிளேர், தான் அந்தப் படத்தில் பிரதமராக நடித்த ஹியூ கிராண்ட் போல அமெரிக்காவிடம் பேச வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவதைக் குறிப்பிட்டே பேசினார். படத்தின் வேறு எந்தக் காதலையும்விட அந்தக் காட்சிக்குத்தான் இங்கே வாழ்வு நீண்டது என்பேன்.

திருச்சியிலிருந்து

நாளை காலை அனுப்பியாக வேண்டும், அதனால் முடித்துக்கொள்கிறேன். வகைப்பெயர் ‘கதம்பக் காதல் நகைச்சுவை’. சென்னையும் யாழ்ப்பாணமும் லண்டனும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். ‘சென்டிமென்டல்’ வகைப்பெயருக்குள் வராது. ரசிகர் தரப்பைச் சொல்லும் பத்தியில் ‘உருக்கம்’, எதிர்த்தரப்புப் பத்தியில் ‘மிகையுணர்ச்சி’. யார் வாயிலிருந்து வருகிறதோ அவர் சொல். பயிற்சிப் பகுதியில் ‘இந்தக் கதம்பத்துக்கு நார் எது? இருக்கிறதா?’ என்று ஒரு வினா வைத்திருக்கிறேன். ஐயாவின் மெய்ப்பாட்டுப் பகுப்பு முழுவதும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போகிறது.

சென்னையிலிருந்து

ஒரே காட்சியை ஒருவர் உருக்கம் என்றும் மற்றவர் மிகையுணர்ச்சி என்றும் சொல்வார்கள் என்றால், கேரன் காட்சியின் படத்துக்குக் கீழே எந்தச் சொல்லைப் போடுவீர்கள், அக்கா? அங்கே ‘உருக்கம்’தான் வர வேண்டும். இதை நான் விடுவதாக இல்லை.

மதுரையிலிருந்து

படத்துக்குக் கீழே ‘இளிவு பற்றிப் பிறந்த அழுகை’ என்று போடலாம். சரி, அது உங்கள் விருப்பம். கதம்பம் அச்சுக்குப் போகட்டும், பிள்ளைகளுக்குப் புரிவதே முதன்மை. ஆனால் பெரும்பான்மை ஏற்றதால் ஒரு சொல் பிழையற்றதாகிவிடாது என்பது என் நிலை. நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்கும் அல்லவா? அதில் தகர வரிசையில் ‘தொகைக் காதல், காண்க: கதம்பக் காதல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அம்மா. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.