புதுப்பிப்பு: லாவெண்டர் எண்ணெய் ஏன் திடீரென்று அரிக்கிறது?

தோலில் தடவ 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு லாவெண்டர் எண்ணெய், அதாவது சுமார் 2 சதவீதம் என்று முன்பு எழுதியிருந்தேன். முதலில் ஒன்றும் செய்யாத அதே பாட்டில் இப்போது அரிக்கிறதே என்று டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் காற்றுதான் காரணம். லாவெண்டரில் அதிகம் இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற வாசனைப் பொருள்கள். திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே போகும் ஆக்ஸிஜன் லினலூலை ஹைட்ரோபெராக்ஸைடாக மாற்றும்; ஒவ்வாமையைக் கிளப்புவது அதுதான். பாதி காலியான பெரிய பாட்டில்தான் ரொம்ப மோசம். லாவெண்டர் எண்ணெயை 10 மி.லி. பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். டர்பன் வெயிலில் கார் டேஷ்போர்டு வேண்டவே வேண்டாம். பழைய எண்ணெய் துணி அலமாரிக்கு ஆகும், தோலுக்கு ஆகாது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், புது எண்ணெயும் அரிக்கலாம். அப்போது நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுவதே சரி.

லேபிளில் அசல் லாவெண்டரின் தாவரப் பெயரான 'லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்று இருக்கிறதா பாருங்கள். கற்பூர வாடை தூக்கலாக இருந்தால் அது லவண்டின் என்ற கலப்பின லாவெண்டராக இருக்கலாம். விலை மலிவு, குணம் வேறு.

ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு: குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துங்கள். அடுப்பில் வைத்தால் வாசனை பறந்துவிடும்.