செவிப்பறை அறுவை சிகிச்சைக்காக அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது தேவையா?

கேள்வி: முதுநகர்வாசி, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 56. சிறு வயதிலிருந்தே வலக் காதில் சீழ் வடிவதும், சொட்டு மருந்து போட்டால் நிற்பதுமாக இருந்து வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சளி பிடித்துவிட்டால் காதும் கட்டாயம் வடியும். இப்போது கேட்கும் திறனும் குறைந்துவிட்டது. பேருந்தில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேசினால் பதில் வருவதில்லை. கடலூரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கி வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறது என்றும், டிம்பனோபிளாஸ்டி என்ற அறுவை சிகிச்சை செய்து அடைத்துவிடலாம் என்றும் கூறினார். கேட்கும் திறனைச் சோதித்த ஆடியோகிராம் தாளில் வலக் காதின் குறை 45 டெசிபெல் என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

என் அக்காவைப் புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில் (முன்னோர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியதால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம்) கொடுத்திருக்கிறோம். அவர்கள் பாரிஸுக்கு அருகில் வசிக்கிறார்கள். சுற்றுலா விசாவில் அம்மாவை அழைத்து வந்தால் அங்கேயே அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று அக்கா பிடிவாதமாகச் சொல்கிறார். மாமாவோ, ஜப்பானில் தோலைக் கிழிக்காமலேயே செவிப்பறையை வளரவைக்கிறார்கள் என்று ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் செய்வதால் உண்மையிலேயே கூடுதல் பலன் உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவித்திறன் பரிசோதகர், புதுச்சேரி

ஐயா, எந்த நாடு என்பதற்கு முன்பாக, எந்த வகை நோய் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செவிப்பறையின் நடுப்பகுதியில் ஓட்டை விழுந்து, சளி பிடிக்கும்போது மட்டும் நாற்றமில்லாத சீழ் வடிவது ஒரு வகை. ஓட்டை மேல்மூலையிலோ ஓரத்திலோ இருந்து, கொஞ்சமாக ஆனால் நாற்றத்தோடு வடிவது வேறு வகை. அதில் கொலஸ்டியடோமா எனப்படும் தோல் வளர்ச்சி இருக்க வாய்ப்பு உண்டு. அது பக்கத்திலுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போய், முக நரம்பையும் மூளையுறையையும்கூடத் தொட்டுவிடும். அதற்கு ஓட்டையை அடைத்தால் போதாது. காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் மருத்துவர் நடுவில் ஓட்டை என்று சொல்லியிருப்பது நல்ல செய்திதான். ஆனாலும் சந்தேகம் இருந்தால் காதெலும்புக்கான சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்து, 45 டெசிபெல் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஆடியோகிராமில், ஒலி காதுத்துளை வழியாகப் போகும்போது கேட்பதைக் காட்டும் காற்று வழி, மண்டையெலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போகும்போது கேட்பதைக் காட்டும் எலும்பு வழி என இரண்டு கோடுகள் இருக்கும். எலும்பு வழிக் கோடு சரியாக இருந்து காற்று வழிக் கோடு மட்டும் இறங்கியிருந்தால், குறை செவிப்பறையிலோ அதற்குப் பின்னால் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய சிற்றெலும்புகளிலோ இருக்கிறது என்று பொருள். அதை அறுவை சிகிச்சை மேம்படுத்தும். இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்கியிருந்தால், வயதாலோ சர்க்கரையாலோ நரம்பும் தளர்ந்திருக்கலாம். அந்தப் பங்கைப் பாரிஸில் செய்தாலும் புதுச்சேரி கோரிமேட்டில் செய்தாலும் திரும்பப் பெற முடியாது. இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி 40 டெசிபெல்லைத் தாண்டினால், சிற்றெலும்புச் சங்கிலியும் அறுந்திருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அப்படியானால் சிகிச்சை சற்றுப் பெரியதாகும். சொல்லப்போனால், ஒரு குடும்பம் விசா பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய தாள் இதுதான்.

சிகிச்சை முறையைப் பொறுத்தவரை, 1950களில் ஜெர்மனியில் உல்ஸ்டைன், சோல்னர் ஆகிய இருவர் வகுத்த அடிப்படையில்தான் உலகெங்கும் செய்கிறார்கள். காதுக்கு மேலே, மெல்லும் தசைகளுள் ஒன்றான டெம்பொராலிஸ் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து ஒட்டாக வைப்பார்கள். சில காதுகளுக்குக் குருத்தெலும்பை வைப்பார்கள். நுண்ணோக்கி வழியாகவோ எண்டோஸ்கோப் வழியாகவோ செய்வார்கள். பொதுவாகப் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒட்டு பிடித்துக்கொள்கிறது. நடுக்காது நோய் நம் நாட்டில் மிகுதி என்பதால், இங்குள்ள மருத்துவர்களின் கை இந்த அறுவையில் நன்றாகப் பழகியிருக்கிறது என்பது என் கருத்து.

ஜப்பான் காணொளி பொய்யன்று. செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தில் ஊறிய ஜெலட்டின் பஞ்சை, ஓட்டையின் விளிம்பைப் புண்ணாக்கிவிட்டு அதில் வைத்து, மேலே ஃபைப்ரின் பசை பூசும் முறைக்கு 2019இல் அங்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சுமார் 4 வாரம் கழித்துப் பார்த்து, மூடவில்லை என்றால் மறுபடியும் வைப்பார்கள். நான்கு முறை வரை வைக்க வேண்டிவரலாம். சீழ் வடிந்துகொண்டிருக்கும் காதுக்கும் கொலஸ்டியடோமா உள்ள காதுக்கும் அது பொருந்தாது. ஜப்பானின் ஒசாகாவில் மாதக்கணக்கில் தங்க வசதி உள்ளவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கோரிமேட்டிலுள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைத் துறை இருக்கிறது. கொஞ்சம் காத்திருக்க நேரலாம். உடனே உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதால் காத்திருக்கலாம். (ஜிப்மரின் மூலம் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி என்று உங்கள் அக்காவிடம் சொல்லிப் பாருங்கள், மனம் இளகினாலும் இளகும்.)

பதில்: வில்லியனூர்க்காரர், பிரான்ஸில் வசிப்பவர்

அக்காவின் பாசம் புரிகிறது. ஆனால் சுற்றுலா விசாவில் வந்து திட்டமிட்ட அறுவை சிகிச்சை செய்துகொள்வது அவர் நினைப்பதுபோல் எளிதன்று. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையைப் பார்த்துப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அது பயணத்தின்போது திடீரென்று வரும் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக இருக்கும் ஓட்டையை அடைப்பதற்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு நிலையாக வசிப்பவர்களுக்கே உரியது. மகள் பிரெஞ்சுக் குடிமகள் என்பதால் பார்வையாளராக வரும் தாய்க்குத் தானாகக் கிடைத்துவிடாது. சிகிச்சைக்கென்றே வருவதாக இருந்தால், மருத்துவமனையிடமிருந்து தேதியும் செலவு மதிப்பீடும் பெற்று, பணம் கட்டும் சான்றையும் காட்டி, அந்தக் காரணத்தைச் சொல்லியே விசா கேட்க வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு மருத்துவமனையில் படுப்பது அடுத்த விசாவுக்கே வினையாகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். அதற்குள் முதல் ஆலோசனை, மயக்க மருந்து நிபுணரின் பரிசோதனை, அறுவை, கட்டுப் பிரிப்பு, ஒட்டு பிடித்ததா என்ற சோதனை எல்லாம் முடிந்தாக வேண்டும். நடுவில் காதில் சீழ் வந்துவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும். அதோடு, காதில் கட்டுப் போட்டிருக்கும் அம்மாவிடம் மருத்துவர் பிரெஞ்சில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் உங்கள் அக்கா வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அருகில் நிற்க வேண்டும்.

பதில்: தேவனாம்பட்டினத்தான், வளைகுடாவில் பணிபுரிபவர்

நான் எதிர்த்திசையில் வந்தவன். எனக்கும் இதே ஓட்டை. வேலை செய்யும் நாட்டில் செய்துகொள்ளாமல், விடுப்பில் ஊருக்கு வந்து செய்துகொண்டேன். அறுவை நாளைவிட அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் பெரிது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எனக்குச் செய்தார்கள். மருத்துவர் பேசுவதும் கருவிகள் தட்டில் வைக்கப்படும் ஓசையும் காதில் விழுந்தன. தலையைச் சுற்றிக் கட்டு, காதுக்குப் பின்னால் தையல், காதுக்குள் பஞ்சு. அந்தப் பஞ்சு உள்ளே இருக்கும்வரை, நம் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நாக்கின் ஒரு பக்கத்தில் சில காலம் துருப்பிடித்த இரும்பின் சுவை இருந்தது. சுவை நரம்பின் கிளை ஒன்று செவிப்பறைக்குப் பின்புறமாகவே செல்வதால் அப்படி நேர்வதுண்டு என்றார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் கடினமான விதி, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தி வைப்பதாகத்தான் இருக்கும். காதில் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்த்த நிறுவனம், கட்டுப் பிரித்ததும் விமானம் ஏறு என்று நெருக்கியது. மருத்துவர் எழுத்துமூலம் மறுத்துக் கொடுத்ததால் தப்பினேன். பெரும்பாலான மருத்துவர்கள் குறைந்தது ஒரு மாதமாவது பறக்க வேண்டாம் என்பார்கள். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அறுவை செய்தவரே.

மீண்டும் முதுநகர்வாசி

மிக்க நன்றி. அக்காவோடு பேசினேன், விசா விவரத்தைப் படித்ததும் சற்றுத் தணிந்திருக்கிறார். அறுவை சிகிச்சையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன்பே அம்மா பேரப்பிள்ளையைப் பார்க்க ஒருமுறை வந்து போகட்டும் என்கிறார். ஓட்டையோடு விமானத்தில் போகலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவித்திறன் பரிசோதகர், புதுச்சேரி

போகலாம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது அழுத்தம் கூடும். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேகியன் குழல் அடைத்திருந்தால் ஓட்டையில்லாத காதுதான் வலிக்கும். ஓட்டையுள்ள காதில் காற்று தானாக உள்ளே வெளியே போய்வந்துவிடும். புதிதாக ஒட்டு வைத்த காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒட்டு பிடிக்கும் முன்னர் அழுத்தம் மாறினால் நகர்ந்துவிடக்கூடும். ஆகவே முதலில் பயணம், பிறகு அறுவை என்ற வரிசைதான் சரி. சளியும் சீழும் இல்லாத நாளாகப் பார்த்து, மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் புறப்படட்டும்.

காது சில வாரங்களாவது உலர்ந்திருந்தால்தான் ஒட்டு வைக்கப் பல மருத்துவர்களும் விரும்புவார்கள். அதனால் மழைக்காலம் முடிந்து, தை, மாசிக்கு மேல் நாள் கேளுங்கள். சர்க்கரை அளவையும் அதற்குள் சரிக்குக் கொண்டுவந்துவிடலாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனாலும், இந்த ஆண்டு அம்மா கடலில் தலை முழுகாமல் கால் மட்டும் நனைத்துவிட்டு வரட்டும்.