நீர்மட்டத்தை மட்டும் எடுத்தேன், பக்கம் முழுவதும் கூடவே வந்தது

மன்னார்குடியிலிருந்து:
எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் என்றைக்குத் திறப்பார்கள் என்பதை வைத்துத்தான் அப்பா குறுவை போடுவதா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவெடுப்பார். 2012 முதல் 2022 வரை அணையின் நீர்மட்டத்தை ஒரே அட்டவணையாக எடுத்துத் தர ஆசைப்பட்டேன். நாளுக்கு ஒரு செய்திப் பக்கம் என்று மொத்தம் நாலாயிரம் பக்கம். பைத்தான் மொழியில், வலைப்பக்கத்தைப் பிரித்துப் படிக்கும் பியூட்டிஃபுல்சூப் என்ற நூலகத்தை வைத்து ஸ்கிரிப்ட் எழுதி, 1 ஜிபி மெமரி உள்ள வாடகை சர்வரில் ஓடவிட்டேன்.

நானூறு பக்கம் தாண்டியதும் நின்றுவிட்டது. திரையில் ‘கில்டு’ என்ற ஒரே சொல். எந்த வரியில் பிழை என்றுகூடச் சொல்லவில்லை. சர்வரின் டிமெசேஜ் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான், மெமரி தீர்ந்துபோய் அதன் இயங்குதளமான லினக்ஸே என் ஸ்கிரிப்டைக் கொன்றிருக்கிறது என்று தெரிந்தது.

வட்டிலிருந்து 2 ஜிபியை மெமரிபோல் பயன்படுத்தும் ஸ்வாப் சேர்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் பக்கம்வரை ஊர்ந்து போய் மறுபடி நின்றது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வேண்டாத மெமரியை விடுவிக்கும் பைத்தானின் குப்பை சேகரிப்பானைக் கையால் கூப்பிட்டேன், அதற்கும் பலனில்லை. இரண்டு ராத்திரி இப்படியே போனது.

அப்புறம் எந்த வரி எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று காட்டும் ட்ரேஸ்மேலாக் போட்டுப் பார்த்தேன். மெமரியை அதிகம் பிடித்திருந்த வரிகள் எல்லாமே பியூட்டிஃபுல்சூப்புக்குள் இருந்தன. அதாவது படித்து முடித்த பக்கங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் நான் லிஸ்டில் வைத்திருந்ததோ தேதியும் நீர்மட்டமும் மட்டும்தான். கும்பகோணத்து அக்கா ஒருவரிடம் போனில் புலம்பினேன். “லிஸ்ட்ல இருக்கறது என்ன டைப்புன்னு அடிச்சுப் பாருங்க தம்பி” என்றார்.

அடித்துப் பார்த்தால் அது சாதாரண ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) இல்லை, பியூட்டிஃபுல்சூப்பின் நேவிகபிள்ஸ்ட்ரிங். பக்கத்து அட்டவணையின் ஒரு கட்டத்திலிருந்து ‘.ஸ்ட்ரிங்’ போட்டு எடுத்தால் வருவது அதுதான். பிரிண்ட் செய்தால் வெறும் எண்ணாகத்தான் தெரியும். ஆனால் தான் இருந்த கட்டத்தை அது பிடித்திருக்கும், கட்டம் வரிசையை, வரிசை அட்டவணையை, அட்டவணை பக்கத்தை. நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடித்து இழுத்தால் வேர்மண்ணோடு ஒரு கொத்தே கையில் வருமே, அதே கதை. பக்கத்துக்கு 2 எம்பி என்றால் நானூறு பக்கத்துக்கு 800 எம்பி. கணக்கு நேராகிவிட்டது.

எடுத்ததை ‘எஸ்டிஆர்’ அடைப்புக்குள் போட்டு வெறும் எழுத்தாக மாற்றினேன். மாற்றியது ஒரே வரி. நாலாயிரமும் ஓடி முடிந்தது, மெமரி 100 எம்பியைத் தாண்டவே இல்லை.

கும்பகோணத்திலிருந்து:
தம்பி சொன்ன அக்கா நான்தான். எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு நூலகத்தில், இடம் சுட்டும் எக்ஸ்பாத் போட்டு எடுக்கும் எழுத்தும் இதே மாதிரி மரத்தை, அதாவது முழுப் பக்க அமைப்பை, பிடித்துக்கொள்ளும். ‘ஸ்மார்ட் ஸ்ட்ரிங்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் விட்டுவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்த எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்தபோது எனக்கு வேறொன்று நடந்தது. கோப்பைத் துண்டு துண்டாகப் படிக்கும் இட்டர்பார்ஸ் போட்டு, ஒவ்வொரு கட்டுரையும் முடிந்ததும் கிளியர் செய்தேன். அப்படியும் மெமரி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்ததுதான் காலியானது, வெறும் கூடுகள் மரத்தின் வேரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. முந்தைய கூடுகளை வேரிலிருந்து நீக்கிய பிறகுதான் நின்றது. பொறுமை இழந்து பெரிய சர்வர் வாங்கிவிடாதீர்கள். யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

திருவாரூரிலிருந்து:
நான் பக்கங்களை எல்லாம் முதலில் இறக்கி லிஸ்டில் வைத்துக்கொண்டு அப்புறம் படிக்கலாம் என்று இருந்தேன். தவறு அங்கேதான். பைத்தான் 3.3-இலிருந்து ஒரு ஸ்ட்ரிங்கில் வெறும் ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு 1 பைட். தமிழ் எழுத்து ஒன்று இருந்தாலும் முழு ஸ்ட்ரிங்கிலும் எழுத்துக்கு 2 பைட் ஆகிவிடும். எமோஜி ஒன்று வந்தால் 4. வாசகர் கருத்தில் யாரோ போட்ட ஒரு கைகூப்பல் எமோஜிக்காக முழுப் பக்கமும் எழுத்துக்கு 4 பைட் ஆகும்! இப்போது ஒரு பக்கம் இறக்கி, படித்து, சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

மன்னார்குடியிலிருந்து:
சரி, என் லிஸ்டையும் எடுத்துவிட்டேன், நேராகக் கோப்பில் எழுதுகிறது. நேற்று அட்டவணையில் அணை திறந்த நாட்களையும் குறித்து, அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர் ஒவ்வொரு வருடமாக விரலை வைத்துப் பார்த்தார். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், ஒன்றில்கூட வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-இல் திறக்கவில்லை. அந்த எட்டையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார். 2022-க்கு வந்ததும், “மே 24” என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, அதற்கு முந்தைய வருடங்களும் கிடைக்குமா என்று கேட்டார்.