ரத்தக் கோளாறு இருப்பவர்கள் தடுப்பூசி போட்ட அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஃபேக்டர்எட்டு_அப்பா:
ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) இருக்கும் என் பையனுக்கு ஐந்து வயது பூஸ்டர். காலையில் வீட்டிலேயே ஃபேக்டர், அதாவது ரத்தம் உறைய வைக்கும் புரதம், ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம். மெல்லிய ஊசி வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன், 25 கேஜில்தான் போட்டார்கள், அதுவரைக்கும் சரி. ஊசியை எடுத்ததும் நர்ஸ் பஞ்சை வைத்து அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் செய்து பழகிய கை, தானாகப் போயிருக்கும். தேய்க்கவே கூடாது, அசையாமல் அழுத்திப் பிடிக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், ஆனால் ஏற்கெனவே நிறைய கேள்வி கேட்டிருந்தேன், பின்னால் வரிசை நின்றது, பேசாமல் இருந்துவிட்டேன். பத்து விநாடிதான். சாயங்காலம் மேல்கை வீங்கி, மறுநாள் கருநீலமாகி, கையைத் தூக்க முடியவில்லை. இன்னும் இரண்டு தடவை ஃபேக்டர் ஏற்ற வேண்டி வந்தது. "அவங்க ஏம்ப்பா தேச்சாங்க?" என்று கேட்டான். நான் ஏன் தடுக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை, அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

ஐடிபி_பத்துவருடம்:
எனக்கு ஐடிபி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை உடலே அழித்துவிடும் நோய். இது 2021இல் நடந்தது. கோவிட் முதல் டோஸ் போடும்போது பிளேட்லெட் 62 ஆயிரம், எனக்கு அது நல்ல எண்ணிக்கைதான். எட்டாம் நாள் குளிக்கும்போது கணுக்காலில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. ஐடிபி இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். ஈரக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் 9 ஆயிரம். ஸ்டீராய்டில் மூன்று வாரத்தில் ஏறிவிட்டது. என் கோபம் ஊசி மேல் இல்லை. "உங்களுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்களே, ஒரு வாரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சித்தி_தலசீமியா:
மேலே எழுதிய சகோதரி, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள், பாதி படித்துவிட்டுத் தடுப்பூசியே வேண்டாம் என்று போய்விடுவார்கள். போடாததால் நடந்ததைப் பார்த்தவள் நான். தலசீமியா (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் பரம்பரை ரத்தசோகை) இருக்கும் அக்கா பையனுக்கு அவசரமாக மண்ணீரலை எடுத்தார்கள், கிருமிகளை எதிர்க்க உதவும் உறுப்பு அது, அதற்குப் பிறகு போட வேண்டிய ஊசிகளை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு ராத்திரி 102 காய்ச்சல், போனில் கேட்டால் காலையில் கூட்டி வாருங்கள் என்றார்கள். விடிவதற்குள் ஐசியூ. பிழைத்துக்கொண்டான்.

அதனால் சொல்கிறேன். மண்ணீரல் எடுக்கத் தேதி குறித்துவிட்டால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் பி) ஆகிய கிருமிகளுக்கான ஊசிகள் மூன்றையும் முடிந்தவரை இரண்டு வாரமாவது முன்னால் முடித்துவிடுங்கள், ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் இப்போதாவது கேளுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, ஊசி போட்டிருந்தாலும்தான். அப்புறம் அடிக்கடி ரத்தம் ஏற்றுகிற குழந்தைகளின் அம்மாக்கள், எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடுபவை. கொடுத்தவர் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் அந்தக் கிருமியை அடக்கிவிடும், ஊசி போட்டும் பலன் இருக்காது. சிவப்பணு ஏற்றியிருந்தால் வழக்கமாக ஆறு மாதம், பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ ஏற்றியிருந்தால் ஏழு மாதம் தள்ளச் சொல்வார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிற குழந்தைக்கு ஆறு மாத இடைவெளி எங்கே கிடைக்கும்? அதை ரத்தவியல் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள், ஊசி போடும் இடத்தில் கேட்டுப் பிரயோஜனமில்லை. நிமோகாக்கஸ், மஞ்சள் காமாலை பி மாதிரி உயிரற்ற ஊசிகளுக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. வலிக்கிறது என்று ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், பாரசிட்டமால் போதும்.

ஐடிபி_பத்துவருடம்:
வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? இரண்டாவது டோஸும் போட்டேன், முன்னால் ஒரு கவுண்ட், பின்னால் வாராவாரம் ஒரு கவுண்ட், இறங்கவில்லை. என் மகளுக்கு எம்எம்ஆர் போடும்போது வேறொரு மருத்துவர் உட்காரவைத்துச் சொன்னார்: ஏறக்குறைய 30,000 முதல் 40,000 டோஸுக்கு ஒருவருக்குப் பிளேட்லெட் குறையலாம், பெரும்பாலும் தானே சரியாகும், தட்டம்மையோ ரூபெல்லாவோ வந்தால் குறைகிற வாய்ப்பு இதைவிட அதிகம். அந்த ஒரு எண்ணைக் கேட்டபிறகுதான் பயம் போனது. மறைத்தால்தான் ஜனங்கள் ஓடுவார்கள்.

சித்தி_தலசீமியா:
சரி, அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை இல்லை.

ஃபேக்டர்எட்டு_அப்பா:
போன மாதம் ஃப்ளூ ஊசி. போடுவதற்கு முன்பே பஞ்சை என் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நர்ஸ் மறுப்பே சொல்லவில்லை. குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் பையனை 120 வரை எண்ணச் சொன்னேன். எழுபதில் கணக்கு விட்டுப்போய் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான், நான் விரலை எடுக்கவில்லை.