கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை: உள்ளூரிலேயே பெற வழி உண்டா?

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் வசிக்கும் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவருக்காக எழுதுகிறேன். கணவருக்கு எச்.ஐ.வி. சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது; கிருமியின் அளவு இன்னும் அடங்கவில்லை. மனைவிக்குத் தொற்று இல்லாததால், தினமும் உட்கொள்ளும் டெனோபோவிர்–எம்ட்ரிசிட்டபின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் இதைத் தரலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2017இலேயே கூறியிருப்பதால், மருந்தைப் பற்றி ஐயமில்லை. இந்நேரத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கும் பரவும் ஆபத்து அதிகம் என்பதே என் பெருங்கவலை.

மாத்திரைக்காக ஈப்போ போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. உள்ளூர்த் தாய்சேய் கிளினிக்கில் இருப்பு இல்லை என்றார்கள். தபாலில் வரவழைத்தபோது, பொட்டலம் தோட்ட அலுவலக மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்ததால், அந்தப் பெண் இனி தபாலில் வேண்டாம் என்கிறார்.

இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பதிவேடு) கர்ப்பப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே உள்ளூர்க் கிளினிக்கில் இதையும் பெற்றுக்கொள்ள, யாரிடம் எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?